உறவினர் யாரும் இல்லை

முதியோர் இல்லத்தின் பார்வையாளர் பதிவேட்டில், பன்னிரண்டாம் அறைக்கு நேராக, ஒவ்வொரு நாளும் ஒருத்தி வந்துபோயிருந்தாள். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘மகள்’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. ஆய்வாளர் பக்கத்தைத் திருப்பினாள். போன மாதமும் மகள். அதற்கு முந்தின மாதமும் மகள். பன்னிரண்டாம் அறையில் இருக்கிற அம்மாளுக்கு ஒரே ஒரு மகள்தான். அவள் நாலு மாதமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆய்வாளருக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த மகளே அவள்தான்.

வேறு யார், அவளாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தாள். அவள் என்றால் அந்தப் பணிப்பெண். ஃபோனில் அம்மா வாய் ஓயாமல் புகழ்ந்து தள்ளிய மகராசி. “அவ கை பட்டாப் போதும்டி, தூக்கம் சொக்கிக்கிட்டு வருது.” “அவ குடுத்தா மாத்திரைகூடக் கசக்கல.” நாற்பத்தெட்டு வருஷத்தில் தன் கையைப் பற்றி அம்மா இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாளா? கடைசி இரண்டு மாதமாக அம்மா ஃபோன் செய்வதையே நிறுத்திவிட்டாள். அதுவும் அந்தப் புண்ணியவதி செய்த வேலைதான் என்று ஆய்வாளர் முடிவுகட்டியிருந்தாள்.

முதியோர் இல்லங்களின் தரத்தையும் பாதுகாப்பையும் சோதிப்பது அவள் உத்தியோகம். சோதிக்கப் போகிற இல்லத்தில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது துறையின் விதி. ஒதுங்குகிறவளா அவள்? அம்மாவைச் சேர்த்தது வெளியூரில் இருக்கிற தம்பி, படிவங்களில் இருப்பது அவன் பெயர், மேலாளரோ ஆள் புதிது. ஒரு குறை கிடைத்தால் போதும், அந்தப் பணிப்பெண்ணைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிடலாம். உள்ளே நுழைந்ததுமே, ‘இந்த இல்லத்தில் எனக்கு உறவினர் யாரும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கூசாமல் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் நீட்டியிருந்தாள்.

மேலாளர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு நிதானமாகப் படித்தார். “யாரும் இல்ல... சரிங்க மேடம். வாங்கி வெச்சுக்கறோம்” என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் அலசினாள். குளியலறைக் குழாயில் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தாள், சூடு அளவாக இருந்தது. மருந்து அலமாரி பூட்டியிருந்தது. அவசர வழிக் கதவு ஒரே தள்ளலில் திறந்தது. கட்டிலுக்கடியில் குனிந்து விரலால் தடவினாள், ஒரு தூசி இல்லை. இவர்கள் மனுஷர்கள்தானா என்று எரிச்சலாக வந்தது.

வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. நாலரை மணிக்கே தாழ்வாரம் இருட்டிக்கொண்டு வந்தும் யாரும் விளக்குப் போடவில்லை. ஃபினாயில் வாசனை, அதற்கு அடியில் பவுடர் வாசனை, அதற்கும் அடியில் ரப்பர் விரிப்பின் புளித்த வாடை, தலைக்கு மேலே மின்விசிறிகள் ஒரே கதியில் சுற்றுகிற சத்தம், இவற்றையெல்லாம் தாண்டி ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எட்டாவது அறையைத் தாண்டும்போதுதான் பிடிபட்டது. யாரும் இருமவில்லை. யாரும் முனகவில்லை. பாதி திறந்த ஒவ்வொரு கதவுக்குள்ளும், ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“பணிப் பட்டியல்ல ஆறு பேர்தானே இருக்கு? இவங்கல்லாம் யாரு?”

“சொந்தக்காரங்க மேடம்” என்றார் மேலாளர். “இங்க எல்லாருக்கும் தினமும் வருவாங்க.”

வேலை நாளில், ஒருவர் விடாமல் எல்லாருக்குமா? இருபது வருஷ அனுபவத்தில் அப்படி ஓர் இல்லத்தை அவள் கண்டதில்லை. பன்னிரண்டாம் அறை வாசலுக்கு வந்தபோது மேலாளர் பின்னால் நின்றுவிட்டார்.

உள்ளே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பே அவளைச் சுட்டது. பணிப்பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மாவின் நரைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இழுக்காமல், வலிக்காமல், நுனியிலிருந்து. அம்மா வாசலைப் பார்த்தாள். இப்போது கத்துவாள், அழுவாள், ‘இப்பதான் வழி தெரிஞ்சுதா’ என்று திட்டுவாள் என்று ஆய்வாளர் காத்திருந்தாள். குட்டு உடைந்தாலும் பரவாயில்லை, திட்டட்டும்.

“யாரு கண்ணு இவங்க?” என்று அம்மா பணிப்பெண்ணிடம் கேட்டாள்.

“ஆய்வுக்கு வந்திருக்காங்கம்மா. ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க.”

அம்மாவாம்! ஆய்வாளர் போர்வையை விலக்கினாள். படுத்தே கிடக்கிறவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் குதிகாலிலும் முதுகிலும் புண் வந்துவிடும். பணிப்பெண்ணின் லட்சணம் அதில் தெரிந்துபோகும். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பை அழுத்திப் பார்த்தாள். ஒன்றாவது இருக்கவேண்டும், ஒரு சின்னப் புண்ணாவது இருக்கவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே சொந்த அம்மாவின் முதுகை ஓர் அங்குலம் விடாமல் தேடினாள். தோல் பச்சைக் குழந்தைக்கு இருப்பது மாதிரி வழவழவென்று இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நான் இவங்ககிட்டத் தனியாப் பேசணும். நீங்க வெளிய இருங்க.”

பணிப்பெண் தலையைக் குனிந்தபடியே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மழை தொடங்கியது.

“அம்மா. நான்தாம்மா. உன் குட்டிம்மா.”

அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். “குட்டிம்மா இப்பதானே வெளிய போனா? நீங்கதானே போகச் சொன்னீங்க?”

“அவ வேலைக்காரிம்மா! நான்தான் உன் பொண்ணு!”

“கத்தாதீங்க” என்றாள் அம்மா. “எனக்கு உங்களைத் தெரியாது.”

வயசாகிவிட்டது, மறதி. அப்படித்தான் இருக்கவேண்டும். தம்பிக்கு ஃபோன் போட்டாள். தம்பி சொன்னால் அம்மா நம்புவாள்.

“டேய், அக்கா பேசறேன். அம்மாகிட்டச் சொல்லுடா, நான்...”

“யாருங்க?”

“அக்காடா!”

“எங்க அக்கா அம்மாகூட இருக்கா. கொஞ்சம் முன்னாடிதான் ரெண்டு பேரையும் வீடியோல பார்த்தேன். அக்கா ஃபோன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

ஃபோன் கட்டில்மேல் விழுந்தது. ஆய்வாளர் அம்மாவின் கையைப் பிடித்தாள். இழுத்தாள். தன் முகத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

“தொட்டுப் பாரும்மா. உன் ஜாடைதானே எனக்கு? கண் ரெண்டும் அப்பா, மத்ததெல்லாம் நீதான்னு எல்லாரும் சொல்வாங்களே. இந்த மூக்கு. இந்த வாய். பாரும்மா!”

அம்மாவின் விரல்கள் நெற்றியில் தொடங்கின. இறங்கின. தேடின. ஓரிடத்தில் நின்றன.

அம்மா வீரிட்டாள்.

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. வாசலில் பணிப்பெண். இந்தத் தடவை தலை நிமிர்ந்திருந்தாள். கூர்மூக்கு. கீழுதடு சற்றுத் தடித்த வாய். மோவாயில் குழி. அம்மாவின் கல்யாணப் படத்தில் இருக்கிற அதே முகம். தினமும் காலையில் கண்ணாடியில் ஆய்வாளர் பார்க்கிற முகம்.

“அம்மாவைப் பயமுறுத்தாதீங்க மேடம்” என்றாள் அவள். கோபமே இல்லை. “யாரும் இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க.”

ஆய்வாளர் தன் மூக்கைத் தொட்டாள்.

தொட முடியவில்லை. விரல் நெற்றியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு மேடு இல்லை. ஒரு துளை இல்லை. இன்னும் கீழே. உதடு? இல்லை. மோவாய்க் குழி? இல்லை. வழவழப்பு. வெறும் தோல். அம்மா என்று கூப்பிடப் பார்த்தாள். கூப்பிட வாய் இல்லை. அதுவும் அம்மா கொடுத்தது.

அப்பாவின் கண்கள் இரண்டும் மட்டும் மிச்சமிருந்தன. அவற்றை மூட அவளால் முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகளின் முகத்தை அம்மா இரண்டு கைகளாலும் ஏந்தி, மூக்கிலும் மோவாயிலும் மாறி மாறி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.