போர்ட்டில் உயிர்

இணையக் கேபிள் அவள் கையில் இருந்தது. ஆனாலும் கணினியின் முதுகில், அதைச் செருகும் போர்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

நேற்று முழுக்கக் கெஞ்சியும் எரியாத விளக்கு. மழை இருட்டு ஜன்னலை அடைத்திருக்க, தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடைக்குள் மேசைக்கடியில் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் மூச்சை இழுக்கையில் அது எரிவதும் விடுகையில் அணைவதும் மெல்ல அவளுக்கு உறைத்தது. மூச்சைப் பிடித்தாள். விளக்கும் அணையாமல் காத்திருந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கணினி வழியாக நேர்முகத் தேர்வு. வெளியூரில் வேலை, தங்க இடத்தோடு. கல்யாணத்துக்குப் பிறகு அவளாகத் தேடிக்கொண்ட ஒரே காரியம். கணவன் குறுக்கே நிற்கவில்லை. தாராளமாகப் போ என்று சிரித்தான். நேற்று போர்ட் செத்தபோதும், பழைய பெட்டிக்கு வயசாகுமில்லையா என்று தலையைத் தடவி ஆறுதல் சொன்னது அவன்தான். அந்தக் கணினியில் வைஃபை கிடையாது. அவளிடம் இருந்ததோ பட்டன் போன்.

அதிலேயே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். அந்தப் பெட்டி தனக்கே மூத்தது, மரியாதையாகத்தான் தொட வேண்டும் என்று வழக்கம்போல் கிண்டலடித்தவர், விளக்கு எரிகிறது என்றதும் பேச்சை நிறுத்தினார்.

"அதுல உயிர் வராதேக்கா. செட்டிங்ல நான்தானே அணைச்சு வச்சேன்."

"நீங்களா? யாரு சொல்லி?"

"அண்ணன்தான் கூட்டிட்டு வந்தாரு. உங்களுக்கு வேலைக்குப் போக மனசில்லை, சொல்ல ஒரு சாக்கு வேணும்னாரு." கொஞ்சம் தயங்கினார். "நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. ஆனா உங்ககிட்டயும் கேட்டேனேக்கா. போன் போட்டுக் கொடுத்தாரு. நீங்களும் ஆமான்னீங்களே."

அவள் யாரிடமும் ஆமாம் சொல்லியிருக்கவில்லை.

தலையைத் தடவிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. அழ வேண்டும்போல் இருந்தது; அதற்குள் மேசைமேல் யாரோ பேசினார்கள்.

அவளுடைய குரல்.

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருத்தி தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் இதே அறை, இதே பீரோ, இதே புடவை. அவள் முகம். அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க மேடம். எனக்கு இந்த வேலை வேண்டாம். வீடே போதும்."

"மேடம், அது நான் இல்ல," என்று கத்தினாள். அதிகாரியின் கண் இமைக்கவில்லை. சரிம்மா, உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு அதிகாரி மறைந்தாள். கட்டம் திரை முழுக்க விரிந்தது.

அதில், பின்னாலிருந்து கணவன் வந்தான். தோளில் கை வைத்தான்.

இவள் சட்டென்று திரும்பினாள். அறையில் யாருமில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"அவ?"

திரையில் இருந்தவள் எழுந்தாள். அவன் கையைப் பிடித்தாள். இருவரும் நடந்தார்கள். வாசல் கதவு சாத்திக்கொண்டது. திரைக்குள் அல்ல. வீட்டில். பூட்டு விழுந்தது. படியில் செருப்புச் சத்தம். இரண்டு ஜோடி.

நாற்காலியிலிருந்து எழ முயன்றாள். கால் வரவில்லை.

திரையில் அதே அறை தெரிந்தது. அதே மேசை. இப்போதும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி.

அது காலியாக இருந்தது.