துரையைப் பட்டியில் அடைத்தார்கள்

விழுப்புரத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டில் பூமாலையின் அம்மா சமையல் வேலை பார்த்தாள். துரைசானி கப்பலேறித் தன் ஊருக்குப் போகும்போது, தன் சீமை முயலைப் பூமாலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது சாதாரண முயலா என்ன? பூமாலை தூக்கினால் அதன் பின்னங்கால்கள் அவள் முழங்காலில் இடிக்கும். காது மட்டுமே ஒரு சாண். நேற்றுச் சாயங்காலம்தான் பூமாலையின் ஊரான கெடாருக்கு வந்தது. பூமாலை அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள்.

காலையில் பார்த்தால் கூடை கவிழ்ந்து கிடந்தது. துரையைக் காணோம். பூமாலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருத்தெருவாய்த் தேடினாள்.

கிணற்றடியில் சேதி கிடைத்தது. கோதண்டபாணியின் மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைச் செடிகளை மேய்ந்த, நீளக் காதுள்ள ஓர் ஆட்டுக்குட்டியைத் தலையாரி சின்னக்கண்ணு விடியற்காலையில் பிடித்துப் பட்டியில் அடைத்திருக்கிறாராம். பயிரை மேய்ந்த ஆடுமாடுகளை அடைக்கும் இடம் அது. யாரும் உரிமை கேட்டு வராவிட்டால் ஏலம்தான். கறிக்கடைக்காரர் இப்போதே வந்து நிற்கிறாராம்.

பூமாலை ஓட்டமாய் ஓடினாள். அங்கே ஆடுகளுக்கு நடுவில் துரை சாவகாசமாய் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, அது ஆடு இல்ல. என்னோட முயலு," என்றாள்.

சின்னக்கண்ணு சிரித்தார். "இவ்ளோ பெரிசா முயலு ஏது? இது கொம்பு முளைக்காத சீமைக் குட்டி. ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்துட்டேன்."

ஊரெல்லாம் சொன்னதுதான் சங்கடம். சொன்ன வாயால் மாற்றிச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பூமாலை கொஞ்சம் யோசித்தாள்.

"ஆட்டுக்கு மேல்வாயில முன்பல்லு கிடையாது இல்ல மாமா? இதுக்கு விரலை வெச்சுப் பாருங்க."

எத்தனை ஆடு பிடித்தவர் அவர்! உடனே துரையின் வாய்க்குள் விரலை விட்டார். முள்ளங்கி என்று நினைத்ததோ என்னவோ, துரை 'நறுக்'கென்று ஒரு கடி கடித்தது.

சின்னக்கண்ணு விரலை உதறிக்கொண்டே, "முயலுதான்," என்று ஒப்புக்கொண்டு பட்டியைத் திறந்துவிட்டார். கறிக்கடைக்காரர் நடையைக் கட்டினார்.

பூமாலை துரையைத் தூக்கிக்கொண்டாள். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கோதண்டபாணி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் கொல்லையில் ஒரு சால் முழுக்க மொட்டை. அவளுக்குப் பாவமாக இருந்தது. தின்றது துரைதானே?

"துரை போடுற புழுக்கையெல்லாம் உங்க கொல்லைக்குத்தாங்க. தினமும் நானே கொண்டாந்து போடுறேன்," என்றாள்.

கோதண்டபாணி பட்டியின் மூலையைப் பார்த்தார். ஒரே காலையில் துரையின் புழுக்கை அங்கே ஒரு குவியல் சேர்ந்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

மல்லாட்டை பிடுங்கிய அன்று, துரைக்கென்று ஒரு கட்டுக் கொடியைச் சின்னக்கண்ணுவிடம் கொடுத்தனுப்பினார். சின்னக்கண்ணு அதைப் பத்திரமாகத் துரையின் முன்னால் வைத்தார், விரல்களை மட்டும் மடக்கிக்கொண்டு.