மச்சினன் பிடிக்க வேண்டிய கயிறு

படம் மறுபடியும் கீழே இழுபட்டது. யாரோ திரைக்கு அடியிலிருந்து சுண்டியது போல ஒரே ஒரு இழுப்பு. உடனே பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது. தங்கதுரை வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அழுத்திப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

காயல்பட்டினத்து முஜாஹித் கொண்டுவந்து கொடுத்த சாமான் அது. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கிய பழசு. அவருடைய வாப்பா எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. நாளைக்கு அவருக்குத் துபாய் விமானம். அதற்குள் வாப்பா தட்டிய பெட்டியில் எழுத்து ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். புது மானிட்டரில் மாட்டினால் சிக்னல் ஒத்துவரவில்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. பழைய கம்ப்யூட்டர் அனுப்புகிற வேகம் புது மானிட்டருக்குப் புரியாது. வேறு வழியில்லாமல் தங்கதுரை பரணில் கிடந்த கறுப்பு வெள்ளை டிவியை இறக்கினான். ஓடுகிற படத்தைப் பிடித்து நிறுத்த அதன் முதுகில் ஒரு குமிழ் உண்டு.

டிவி ரிப்பேர் அவனுக்குக் கடலில்லாத நாளின் வேலை. இன்றைக்கோ கடல் நன்றாக இருந்தும் போகாமல் நின்றுகொண்டான். காலையிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். அக்காள் பிலோமியின் புருஷன் டிக்சன் சங்கு குளிக்கிறவன். கீழே போகிறவனுடைய இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து மச்சினன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டான் என்ற கணக்கு. அவர்களுக்குக் கல்யாணமான நாள் முதல் அந்தக் கயிறு தங்கதுரையின் கையில்தான். இன்றைக்குக் கூலிக்கு வெள்ளத்துரையை ஏற்றி அனுப்பிவிட்டான்.

விடியலில் பிலோமி வழக்கம்போலத் தன் பழைய பச்சைச் சேலையின் கிழிசலைக் கயிற்று வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். கயிறு புருஷனுடைய இடுப்பை அறுக்கக் கூடாது அவளுக்கு.

"ஏலே, வெள்ளத்துரை கயிறு பிடிப்பானா, போனப் பாத்துக்கிட்டு இருப்பானா?"

"ஒரு நாளுதானக்கா. நீ சும்மா கெட."

திரையில் வெளிச்சம் அடிக்கிறதென்று ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தான். பட்டப்பகலில் அறை இருண்டு கிடந்தது. டிவியின் இரைச்சல், வள்ளத்தில் டிக்சனுக்குக் காற்று அனுப்பும் மோட்டாரின் இரைச்சலாகவே அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. சூடேறிய தூசியின் வாடைக்கு நடுவே ஈரச் சங்குச் சதையின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பி அறை முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டில் யாராவது சங்கு சுத்தம் செய்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

திரை மறுபடி இழுபட்டது. இந்தத் தடவை மூன்று இழுப்பு. இரண்டு சேர்ந்தாற்போல, மூன்றாவது கொஞ்சம் தள்ளி.

"சனியன்," என்று முனகிக்கொண்டே குமிழைத் திருகினான். மறுபடியும் மூன்று, முன்னைவிட வேகமாக. இன்னும் திருகினான். மூன்று, கொஞ்சம் மெலிந்து. கடைசிவரை திருகினான். படம் அடங்கியது. வெள்ளை எழுத்துகள் ஆடாமல் அசையாமல் நின்றன. அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முஜாஹித்துக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தான்.

எடுத்த கை அப்படியே நின்றது.

கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று என்றால் மேலே தூக்கு. இரண்டு சேர்த்து, மூன்றாவதை ஒரு மூச்சு தள்ளி இழுப்பவன் இந்தக் கரையில் ஒருத்தன்தான். மச்சான்.

மச்சான் தூக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். தங்கதுரை குமிழைத் திருகித் திருகி அடக்கியிருக்கிறான்.

கடலுக்குள் டவர் கிடைக்காது என்று தெரிந்தும் வெள்ளத்துரைக்குப் போன் போட்டான். மணியே அடிக்கவில்லை. மறுபடி போட்டான். அடிக்கவில்லை. குமிழைத் திருப்பித் திருகினான். படம் அசையவில்லை. முழுக்கத் திருகினான். அசையவில்லை.

"இழு மச்சான்," என்றான் திரையைப் பார்த்து. "ஒரு தடவ இழு. நாந்தான் பிடிச்சிருக்கேன்."

திரை லேசாக, மிக லேசாக, ஒருமுறை இறங்கியது.

டிவியின் முதுகில் செருகியிருந்த வயரை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். ஒரு முழ நீள வயர்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழம் முழமாக, நனைந்து, உப்புப் பிசுபிசுத்து. உள்ளங்கைக்குள் அது வயராக இல்லை. முறுக்கேறிய கயிறாக இருந்தது. கனத்தது. அந்தக் கனத்தை அவனுக்குத் தெரியும். மேசைக் காலில் பாதத்தை ஊன்றிக்கொண்டு இழுத்தான். தோல் உரிந்தது. இழுத்தான்.

கதவு தட்டப்பட்டது. வெளியே பிலோமி.

"ஏலே, எல்லா வள்ளமும் வந்துட்டு. நம்ம வள்ளத்த மட்டும் காணலியே. ஒனக்கு ஏதும் தெரியுமா?"

அவன் கயிற்றை விடவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான். மாதாவே.

கனம் போயிற்று.

பின்பக்கமாக மல்லாந்து விழுந்தான். மிச்சக் கயிறு சும்மா வந்து தரையில் சரிந்தது. அதன் நுனியில், முடிச்சு அவிழாமல், ஓர் ஆளின் இடுப்பளவு வட்டமாக, ஒரு வளையம். அதிலிருந்து கடல் தண்ணீர் மெதுவாகக் கதவை நோக்கி ஓடியது.

"ஏலே, என்னலே தண்ணி வருது?"

வராதே என்று கத்த நினைத்தான். பிலோமி கதவைத் தள்ளித் திறந்தாள். வெயில் உள்ளே வந்து முதலில் அந்தப் பச்சைத் துணியின் மேல்தான் விழுந்தது.