நூறு கே, ஒரு வாட்

"மேடம்... ரெசிஸ்டர் வாங்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. கையில் மீட்டர் இருக்கும்போது கடவுளே கூப்பிட்டாலும் திரும்புகிற ரகம் இல்லை அவள். கண்ணாடி மேசை மேல் ஒரு பிடி ரெசிஸ்டர்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றை எடுப்பாள், அதன் இரண்டு கால்களிலும் மீட்டர் முனைகளை வைப்பாள், எண்ணைப் பார்ப்பாள்... இந்தப் பக்கம் ஒதுக்குவாள், அல்லது அந்தப் பக்கம். மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து வரிசை வாசல்வரை வந்துவிட்டது. கடைக்காரர் மட்டும் நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழகின காட்சி. அவள் வீட்டில் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'மீட்டர்'தான்.

"எல்லாம் நூறு கே ஓம் தானே? அதான் மேலயே கலர் கோடு போட்டிருக்கானே!" என்றது அதே குரல்.

"கோட்டை நம்புறவங்க நம்பிட்டுப் போகலாம். எனக்கு அளந்து பாத்தாத்தான் தூக்கம் வரும்."

"எங்களுக்கு இப்பவே வருது மேடம்."

வரிசை மொத்தமும் சிரித்தது. இதற்கு மேலும் திரும்பாமலிருக்க அவள் என்ன கல்லா?

நெட்டையாக ஒருவன் நின்றான். மழைத்துளி ஒன்று அவன் மூக்கு நுனிவரை வந்து, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்கள்... சரி, கண்கள் நன்றாகத்தான் இருந்தன. மறைத்து என்ன ஆகப்போகிறது? சிரிப்பை உள்ளே வைத்துப் பூட்டத் தெரியாத கண்கள். அவளுக்கு முதலில் கோபம் வந்ததே அந்தக் கண்கள் மேல்தான்.

அவன் பார்வை மேசைக்குப் போனதும் கேலி அடங்கியது. "எதுக்குங்க இது? பல்பு மாதிரி எரியுற வால்வு வச்ச ஆம்ப்ளிஃபயருக்கா?"

"ஆமா. கிட்டார் ஆம்ப். வால்வுக்குக் கரண்ட் போற வழியில வைக்க. ஏன், அதுக்கும் ஜோக் இருக்கா?"

அவன் ஒன்றை எடுத்து நகத்தால் உருட்டினான். "இது வேண்டாமே... உடம்பு ஒரு வாட் சைஸ்ல இருக்கு. காலைப் பாருங்க, நூலு மாதிரி. கால் வாட் சரக்குக்குப் பூச்சு பூசிப் பெரிசாக்கியிருக்கான்."

"மீட்டர்ல நூறு காட்டுது."

"உங்க மீட்டர்ல இருக்கறது ஒன்பது வோல்ட் பேட்டரி. ஒன்பது வோல்ட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆம்ப்புக்குள்ள முந்நூறு வோல்ட் நிக்குமே... அங்க வச்சாத்தான் குணம் தெரியும். மெட்டல் ஃபிலிம், ரெண்டு வாட் எடுங்க."

கடைக்காரர் பல்குச்சியை வெளியே எடுத்தார். "தம்பி, நீங்க சாமான் வாங்க வந்தீங்களா, கடையை மூட வந்தீங்களா?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கலாம் என்று அவள் மனசின் ஏதோ ஒரு மூலை முணுமுணுத்தது. ஆனால் ஒரு வரிசையே வேடிக்கை பார்க்கும்போது நியாயத்தை எப்படி ஒப்புக்கொள்வது?

"இதையே பொட்டலம் போடுங்க," என்றாள்.

வெளியே மழை விடுவதாக இல்லை. கடை வாசல் தகரத்துக்குக் கீழே இருவர் நிற்கத்தான் இடம். நின்ற இருவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா!

"கோபமா?"

"உங்க மேல கோபப்பட நான் யாரு?"

"அப்ப கோபம்தான்." அவன் தன் பையிலிருந்து சிலவற்றை எடுத்து நீட்டினான். "ரெண்டு வாட். கொஞ்சம் கூடவே வாங்கிட்டேன். வச்சுக்குங்க..."

"என்கிட்ட இருக்கு."

கையை மடக்கிக்கொண்டான். அந்த முகத்தில் ஒரு சின்ன வாட்டம். அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோபோல் ஆகி, கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"இந்த ஆம்ப் சரியா வந்தா எனக்கு ஒரு பெரிய வேலை கிடைக்கும். இல்லேன்னா வர்ற மாசத்துலேருந்து அண்ணன் கடையில ஃபேன் ரிப்பேர். அங்க நான் உக்கார்ற மேசைக்கு இப்பவே அளவெடுத்துட்டாரு. வால்வு பாத்த கைக்கு இனி கிரீஸ் டப்பாதான். அந்த எரிச்சல்ல இருக்கேன். உங்களைக் கடிச்சிருந்தா... விடுங்க."

"நானும் இதே மாதிரி வேலைதான். சின்னதா..." என்றான் அவன்.

எங்கே, என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போய், பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடேற்றியபடி அந்த நெட்டையைத் திட்டினாள். சாப்பிடும்போது திட்டினாள். தட்டைக் கழுவும்போதும்.

"ஏன்டி மீட்டர்," என்றாள் அண்ணி, "முன்னப்பின்ன தெரியாத ஆளை இவ்வளவு நேரமா யாராவது திட்டுவாங்க?"

"அவன் பேசின பேச்சு அப்படி அண்ணி!"

"ம்... பேச்சு மட்டும்தானா?"

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். நூல் கால்தான்... ஆனாலும் வைத்தாள். ரோஷம் வந்துவிட்டால் நல்ல தொழில்காரிக்கும் கண் கொஞ்சம் மங்கத்தான் செய்கிறது. ஆம்ப்பைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தாள். சுத்தமாகப் பாடியது. "பாத்தியாடா நெட்டை!" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

அந்தப் பெரிய வேலையைக் கையில் வைத்திருந்தவர் கிட்டார் மாஸ்டர். இசைப்பள்ளி நடத்துகிறார். பள்ளியில் பன்னிரண்டு வால்வு ஆம்ப்கள். பராமரிக்க ஒரே ஆள் போதும் என்று, இரண்டு ரிப்பேர்காரர்களிடம் ஆளுக்கொன்று கொடுத்துப் பார்த்தார். எதிராளி யாரென்று அவளுக்குத் தெரியாது. பள்ளியின் பெரிய கூடத்துக்குள் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, இன்னொரு ஆம்ப்புக்குப் பக்கத்தில் குனிந்து நின்றது ஒரு நெட்டை உருவம்.

"நீங்களா!" என்றார்கள் இருவரும். அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று துள்ளியது. உடனே அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்தாள்.

மாஸ்டர் வந்தார். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. முதலில் அவனுடைய ஆம்ப்பில் வாசித்தார். ஒலி தெளிவாக வந்தது. வாசிப்பை நிறுத்தியதும் அமைதி. அடுத்து அவளுடையது. நான்கைந்து பாட்டு வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே சூடேற ஏற... ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் பொரபொரவென்று ஒரு சத்தம். அவள் காதுக்கு அது எண்ணெய்ச் சட்டி. அவளுடைய ரெசிஸ்டர், அவளுடைய ரோஷம், இரண்டும் சேர்ந்து பொரிந்துகொண்டிருந்தன.

மாஸ்டர் கிட்டாரை இறக்கினார். கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ அறிவிக்கப்போகிறார் என்று சுவர்களுக்கே புரிந்தது.

"ஒலி என்பது காதுக்குப் போவதல்ல... உயிருக்குப் போவது! அந்த ஆம்ப்ளிஃபயர், வெறும் இயந்திரம். இதிலே இருக்கிறதே, ஓர் அனல், ஒரு பெருமூச்சு... இதுதான் ஜீவன்! அம்மா, பன்னிரண்டிலும் எனக்கு இதே ஜீவன் வேண்டும். வேலை உங்களுக்கு."

அவள் நெட்டையைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டவுடனேயே அவன் புருவம் துடித்ததை அவள் பார்த்தாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் வேலை அவனுக்கு. அவனோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்... அங்கே ஓவியம் எதுவும் இல்லை.

அவளும் வாயை மூடிக்கொண்டு போகலாம். ராத்திரியோடு ராத்திரியாக நல்ல ரெசிஸ்டரை மாற்றிவிட்டால்? ஜீவன் போய்விட்டது என்று மாஸ்டர் ஒப்பாரி வைப்பார். அப்படியென்றால் பன்னிரண்டு ஆம்ப்பிலும் தேடித்தேடிக் கெட்ட சரக்கு வைக்க வேண்டும். அவை ஒவ்வொன்றாக ஊமையாக வேண்டும். ஃபேனுக்கு கிரீஸ் தடவுவதே மேல்.

"சார்... அது ஜீவன் இல்ல."

"என்ன?"

"நான் வச்ச ரெசிஸ்டர் மட்டம். வோல்ட்டேஜ் தாங்காம பொரியுது. கொஞ்ச நாள்ல மொத்தமா அடங்கிடும்."

"இத்தனை வருஷக் காது அம்மா இது! எனக்கா சொல்கிறீர்கள்?"

அவள் ஆம்ப்பின் பின்பக்கத்தைத் திறந்து, காய்ந்த மரக்குச்சியால் அந்த ரெசிஸ்டரை மெல்லத் தட்டினாள். கூடமே கிழிவதுபோல் 'கர்ர்ரக்' என்றது. மாஸ்டர் ஓரடி பின்னால் குதித்தார். ஜீவன் அவ்வளவு பக்கத்தில் வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆபீஸ் மேசையிலிருந்து மாஸ்டரின் மனைவி தலையை நீட்டினாள். "எனக்கு அப்பவே கேட்டுச்சு. வாசல்ல யாரோ வண்டியை ஆஃப் பண்ணாம நிறுத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். தம்பி, உங்களுது சத்தம் போடல இல்ல? பன்னிரண்டையும் நீங்களே பாத்துக்குங்க. ஏங்க, சரிதானே?"

மாஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்ததாம்.

ஆம்ப்பை அங்கேயே விட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். தூறல். பின்னாலேயே ஓடி வரும் செருப்புச் சத்தம்.

"நில்லுங்க... ஏன் சொன்னீங்க?"

"நீங்க ஏன் சொல்லல?" அவள் சட்டென்று திரும்பினாள். கண்ணில் நின்றது மழைத்தண்ணீர் இல்லை. "பாவம்னு விட்டுக்கொடுத்தீங்களா? யார் கேட்டா உங்ககிட்ட?"

"பாவமா? உங்க மேலயா? அதுக்கெல்லாம் எனக்கு தைரியம் கிடையாதுங்க."

"அப்புறம்?"

அவன் பின்கழுத்தைத் தடவினான். "நீங்க ஜெயிச்சா இந்த வேலையிலயே இருப்பீங்க. இருந்தா ரெசிஸ்டர் வாங்க அந்தக் கடைக்கு வருவீங்க. வந்தா... நான் உங்க பின்னாடி வரிசையில நிக்கலாம். ஃபேனுக்குப் போயிட்டா? ஃபேன் ரிப்பேர்க்காரங்க எங்க அங்க வர்றாங்க..."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். குரலை மட்டும் விறைப்பாகவே வைத்துக்கொண்டாள்.

"அதுக்காகப் பன்னிரண்டு ஆம்ப்பையும் பொரிய விட்டிருப்பீங்களா?"

"திருட்டுத்தனமா வந்து ஒவ்வொண்ணா மாத்தியிருப்பேன். காதலிக்கிறவன் வேற என்ன பண்..."

வார்த்தை வெளியே வந்துவிட்டதை அவனே அப்போதுதான் கேட்டான். காது நுனிவரை சிவந்து, வாயை மூடவும் மறந்து நின்றான். தூறல் வலுத்தது. இருவரும் நகரவில்லை.

"ஆறு ஆம்ப் எனக்கு," என்றாள் அவள், தரையைப் பார்த்து. "தயவுன்னு நெனச்சுக் குடுத்தா வேண்டாம். உங்க ஆம்ப்புக்குள்ள எட்டிப் பாத்தேன். சாமான் நல்ல சாமான்தான். ஆனா ஒயரெல்லாம் கோணல். பக்கத்துல இருந்து யாராவது திட்டினாத்தான் நேராகும்."

"பக்கத்துலன்னா... எத்தனை நாளைக்கு?"

"அதை வீட்டுக்கு வந்து அண்ணிகிட்ட கேளுங்க. உங்களைப் பத்தி அவங்களுக்கு ஏற்கெனவே நிறைய தெரியும்."

"என்னன்னு சொல்லியிருக்கீங்க?"

"திட்டித்தான்."

அவன் அந்தக் கண்களால் சிரித்தான். அவள் இந்த முறை கோபப்படவில்லை. வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. நனைந்த முடியை ஒதுக்கிவிட்டு, அளந்து பார்க்காமல் சொன்னாள்.

"பிடிச்சிருக்கு."

"என் வேலையா?"

"வேலையும்."