நின்ற கடிகாரத்தை ஓடவிட்டது யார்?

மீன்கடையும் கடிகாரம் பழுது பார்க்கும் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மீன்காரம்மா வாயை மூடினால்தான் தெரு திரும்பிப் பார்க்கும். கடிகாரக்காரர் வாயைத் திறந்தால்தான் பார்க்கும். ஆனாலும் தெருவில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் இவர்களிடம்தான் வருவார்கள். கூலி கேட்க மாட்டார்கள் என்பது முக்கியக் காரணம்.

அந்த வியாழன் மதியம், மீன்காரம்மா வழக்கம்போல, கடைகளுக்கு மேலே நான்காவது மாடியில் இருக்கும் அம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குத் திறக்கும் கடையை ஆறு ஐம்பதுக்கே வந்து தட்டி, "இன்னும் தூக்கமா?" என்று தினமும் வம்பிழுக்கிறாளாம். அப்போதுதான் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார்.

"எங்க வீட்டுக்காரர் இறந்தப்போ நின்ன சுவர்க் கடிகாரம், ஆறு வருஷமா அப்படியே இருந்துச்சு. இப்ப ரெண்டு மாசமா ஓடுது. நான் பெண்டுலத்தப் பிடிச்சு நிறுத்துறேன். செவ்வாக்கிழமை முழங்கால் வைத்தியத்துக்குப் போயிட்டு வந்தா மறுபடி ஓடுது. இந்த வாரம் நிறுத்தாம அப்படியே விட்டுட்டேன். நானே ஓடவிட்டுட்டு மறந்துடறேன்னு பையன் சொல்றான். இன்னிக்கு ஆறு மணிக்கு வர்றான், முதியோர் இல்லத்துக்குக் கையெழுத்து வாங்க."

"நீங்க மறக்கலன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள் மீன்காரம்மா.

"போன வாரம் வரைக்கும் தெரிஞ்சுது."

மாடி வீட்டில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் ஒன்றுதான். பூட்டில் கீறல் இல்லை. கடிகாரத்தின் கீழே மட்டும் ஒரு நாற்காலி, மேசையை விட்டு விலகிக் கிடந்தது. கடிகாரக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று. சுவரில் மூன்று பத்து.

"கிழடாச்சுல்ல, முன்னப்பின்னத்தான் ஓடும்," என்றாள் மீன்காரம்மா.

அவர் அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். பேசாமல் உட்கார்ந்தபோதுதான் அந்த வீடு எவ்வளவு பெரிதென்று அவளுக்குத் தெரிந்தது. தன் வீட்டு ஞாபகம் வந்தது.

ஐந்துக்குச் சுவரில் ஐந்து பத்து.

"செவ்வாக்கிழமை சரியா வச்சு, ரெண்டு நாள்ல பத்து நிமிஷம் முந்தியிருந்தா, இப்ப ரெண்டு மணி நேரத்துல இருபத்தஞ்சு நொடியாவது ஏறணும்," என்றார் அவர். "ஒரு நொடிகூட ஏறல. இது முந்தி ஓடல. யாரோ முந்தி வச்சிருக்காங்க. டீச்சர், நீங்க எப்படி வைப்பீங்க?"

"ஸ்கூல் மணிக்கு. ஒரு நிமிஷம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது."

"அப்ப வச்சது நீங்க இல்ல."

மீன்காரம்மா எழுந்தே விட்டாள். "அண்ணே, பத்து நிமிஷம்னா... நாலாவது மாடி. அது என் வம்புக்கு வரல. அதோட கடிகாரத்துல அப்பவே ஏழு ஆயிடுது."

டீச்சரின் முகம் இறுகியது. "என் நாத்தனார். அவர் போன அன்னிக்கு எங்களுக்குள்ள வார்த்தை தடிச்சுது. அப்புறம் பேச்சில்ல."

ஆறு மணிக்கு மகன் காகிதங்களோடு வந்தான். மீன்காரம்மா போய் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். எப்படி என்பது அவளுக்கே வெளிச்சம். கடிகாரக்காரர் கேட்டது ஒன்றுதான். "அம்மா, மணி என்ன?"

அந்த அம்மாள் மணிக்கட்டைப் பார்த்தாள். "ஆறே கால்."

மகன் தன் போனைப் பார்த்தான், ஆறு ஐந்து. பிறகு சுவரைப் பார்த்தான், ஆறே கால்.

"எங்கப்பா வீட்ல எல்லாக் கடிகாரமும் இப்படித்தான் பத்து நிமிஷம் முந்தி இருக்கும்," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "கல்யாணமான புதுசுல அண்ணி அத மாத்திட்டாங்க. அண்ணன் கொடுத்து வச்ச கதவுச் சாவி என்கிட்ட இருக்கு. பொண்ணு வெளிநாடு போனதுலேர்ந்து என் வீட்ல ஒரு சத்தம் கிடையாது. இங்க வந்து இத ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கேட்டுட்டுப் போயிடுவேன். வேற எதையும் தொடல."

"அத்தை, இதனால நான் அம்மாவ..." மகன் முடிக்கவில்லை. காகிதங்களை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தான்.

அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"செவ்வாக்கிழமை வராத," என்றார் டீச்சர்.

அவள் நின்றாள்.

"அன்னிக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன். புதன்கிழமை வா."