மாடி அடுப்பு

விடிந்ததிலிருந்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லாரையும் பின்னால் தள்ளுகிற கால்கள் போர்வைக்குள் முடங்கியிருந்தன. அணித் தேர்வு அடுத்த வாரக் கடைசியில். வர முடியாவிட்டால் இந்த வருடம் அவ்வளவுதான் என்று பயிற்சியாளர் போனிலேயே சொல்லிவிட்டார்.

கீழே பேக்கரியிலிருந்து நாத்தனாரின் குரல் மாடிப்படி ஏறி வந்தது. ரொட்டி வாங்க வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் பேசுவாள்.

"பேக்கரி வீட்டுப் பொண்ணு, ஒரு துண்டு ரொட்டிக்கு வழியில்ல. பெத்தவ அரிசியும் கிழங்குமா போட்டே புள்ளைய நூலாக்கிட்டா..."

அம்மாக்காரி மாடிக் கதவைச் சாத்தினாள். இரண்டு வருடப் பழக்கம் அது. மகளுக்குச் சீலியாக் நோய், கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், அதைத் தொடாமல் இருப்பதுதான் ஒரே மருந்து என்று டாக்டர் சொன்னார். அதுவரை பேக்கரியில் கேக்குக்குப் பூ வைப்பது இவள் வேலை. இவள் கிரீமில் வைத்த ரோஜாவை வெட்ட மனம் வராமல் நின்றவர்கள் உண்டு. அடுத்த நாளே அந்த வேலையை விட்டாள். உடம்பெல்லாம் மாவோடு வந்து மகளுக்குச் சோறு போட முடியாது. மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று ஒதுங்கிக்கொண்டாள். தங்கள் மாவு இவளுக்கு இளக்காரமாகிவிட்டது என்று நாத்தனார் எடுத்துக்கொண்டாள். இவளும் விளக்கவில்லை. விளக்கியிருக்கலாம். வீம்பு.

கணவன் மாடிக்கு வந்து வாசலிலேயே நின்றான். எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறாய் என்றான். "அக்கா சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்தவன், இவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நாத்தனாரின் சத்தத்தைவிட அந்த முடியாத வாக்கியம்தான் சுட்டது. சமையலறையைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

மகளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அம்மா... அத்தை கொஞ்ச வாரமா கேக் குடுத்தாங்க. நேத்தும். அரிசி மாவுலதான் செஞ்சாங்க. புதுப் பாக்கெட் பிரிச்சத நானே பாத்தேன். உன்கிட்ட சொன்னா சண்டை வரும்னுதான்..."

இவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். பேக்கரிக்குள் கால் வைப்பது இரண்டு வருடத்தில் முதல் தடவை. சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்கூட எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணி, பொண்ணுக்குச் செஞ்ச கேக்க இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க."

"சந்தேகமா? நல்லாக் கண்ணத் தொறந்து பாரு."

நாத்தனார் முழங்கை வரை கழுவினாள். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி. அரிசி மாவுப் பாக்கெட்டைக் கத்தரித்து இவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். குறை சொல்ல இடமில்லை. இந்த மனுஷி தனக்குத் தெரியாமல் இவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறாளா என்று இவளுக்கே ஆச்சரியம். கலவை தயாரானது. தட்டில் வெண்ணெய் தடவினாள். பேசிக்கொண்டே இருக்கையில் வலது கை தானாகப் பக்கத்து டப்பாவுக்குள் போனது. ஒட்டாமல் வர ஒரு பிடி கோதுமை மாவைத் தூவி, தட்டைத் தட்டி, மிச்சத்தை உதறினாள். பேக்கரிக்காரர்களின் கை. அதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை.

"அக்கா," என்றான் பின்னாலேயே இறங்கி வந்திருந்த கணவன். "உன் கை."

நாத்தனார் யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடறதுக்குத் தெம்பா இருக்கட்டும்னு வாராவாரம் குடுத்தேனே... நானே புள்ளைக்கு விஷம் வெச்சிட்டு, உன்னத் தெருவெல்லாம் நாறடிச்சேனே..."

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் இவள் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அழுகிறவளின் மூக்கிலும் புருவத்திலும் மாவு. அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"வேணும்னா செஞ்சீங்க அண்ணி? நானும் ஏன் மாடிக்குப் போனேன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. பூ வெக்கிற வேலைய விட எனக்கு மட்டும் ஆசையா?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள். கட்டினவளைச் சந்தேகப்பட்டாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று பிடித்துக்கொண்டாள். உலகத்தில் நியாயமே இல்லை என்று தெரிந்துகொண்ட அவன், ரொட்டி கருகுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

தேர்வு நாளில் மகள் முழுசாகத் தேறியிருந்தாள் என்று சொல்ல முடியாது. கடைசி வளைவு வரை ஐந்தாவதாகத்தான் வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகத் தாண்டி, இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். அணியில் இரண்டு இடம்தான். அதில் ஒன்று அவளுக்கு.

நாத்தனார் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டாள். முன்பின் தெரியாதவர்களையெல்லாம் தட்டிக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணப் பெத்தவ இவதான். நான் கண்டதக் குடுத்துப் படுக்க வெச்சேன். இவதான் ஓட வெச்சா."

உட்காருங்கள் அண்ணி என்று அவள் முந்தானையைப் பிடித்து இவள் இழுத்தாள். யாருக்கும் காட்டாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கூட்டத்தின் நடுவில் கண்ணீராக இறங்கியது. நாத்தனார் பதறி இறங்கி, இவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டு காதுக்குள் அதட்டினாள்.

"அழாதடி. பாக்கறவங்க நான்தான் திட்டினேன்னு நினைப்பாங்க."