பின்பக்கத்து வெள்ளைத் துணி

பாடாங் செராய் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் பேய் இருந்தது. பிள்ளைகள் யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. அந்த வீட்டுக் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. விளக்கும் எரியாது. ஆனால் உள்ளே யாரோ மெல்ல அழுவது மட்டும் கேட்கும், அதுவும் பட்டப்பகலில்.

கொரோனாவுக்காக எல்லாரும் வீட்டோடு அடைந்து கிடந்த நேரம் அது. பள்ளிக்கூடமும் இல்லை. பேயைப் பற்றிப் பேச நிறைய நேரம் இருந்தது.

ஒரு நாள் காலை, பத்து வயது காஞ்சனாவின் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் ஓடியது. அங்கே செம்பனை மரங்கள் வெயிலையே உள்ளே விடாது. காய்ந்த மட்டைகள் காலடியில் நொறுங்க, அவள் குட்டியைத் தேடிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

அங்கே வெள்ளையாக ஏதோ அசைந்தது. காற்றே இல்லை. பிறகு சன்னல் கம்பி வழியாக ஒரு சின்னக் கை நீண்டு, தொங்கிய அந்த வெள்ளைத் துணியை இழுத்தது. காஞ்சனா இரண்டடி பின்வாங்கினாள். ஆட்டுக்குட்டி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் புல் மேய்ந்தது.

"அக்கா, சோறு கொண்டாந்தீங்களா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பேய் சோறு கேட்குமா? அதுவும் இவ்வளவு மரியாதையாக? காஞ்சனா பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று நின்றது. பின்னால், இருட்டில், அதன் அம்மா பிரேமாவதி உட்கார்ந்திருந்தாள்.

திகாம் பத்து ஊரில் வேலை போனதும், காலியாகக் கிடந்த இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். இரண்டு நாளாக இருவரும் வெறும் தேநீர்தான் குடித்தார்களாம். சாப்பாடு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் உதவி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பிரேமாவதி கட்டியதோ பின்பக்கம்.

"முன்னால கட்டுனா எல்லாரும் பாப்பாங்கல்ல. யார்கிட்டயும் சொல்லிடாத, தங்கச்சி," என்றாள். காஞ்சனா சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. அரசாங்கம் கொடுத்த அரிசியும் கோயில் குழு சேர்த்த சாமான்களும் ஏற்றிய வேன் அது. எந்த வாசலிலும் வெள்ளைத் துணி இல்லையென்று அதை ஓட்டி வந்த தர்மலிங்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சொன்னால் வாக்குத் தவறிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கும்.

காஞ்சனா வீட்டுக்கு ஓடினாள். தன் வெள்ளைப் பள்ளிச் சட்டையை எடுத்து வாசல் வேலியில் கட்டினாள்.

வேன் நின்றது. அரிசி, எண்ணெய், மத்தி மீன் டின் எல்லாம் இறங்கின. வேன் போனதும், வாசலில் நின்ற அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வீட்டுலதான் அரிசி இருக்கேடி?"

"நமக்கில்லம்மா. யாருக்குன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

அம்மா அடுப்படிக்குப் போனாள். பிறகு பருப்புக் கறியை ஒரு டப்பாவில் ஊற்றி, அரிசிப் பை மேல் வைத்துப் பின்கதவைத் திறந்துவிட்டாள். காஞ்சனா இரண்டு நடை நடந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு குணசுந்தரி ஒரு தட்டு மீ கோரேங், அதாவது சுடச்சுட வறுத்த நூடுல்ஸோடு வந்தாள். கஷ்டத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட வேண்டாம் என்று ஆறுதல் வேறு சொன்னாள். யாரிடமும் எதுவும் வாங்கிப் பழக்கமில்லாத அம்மா, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

அவள் போனதும் அம்மா தட்டைக் காஞ்சனாவிடம் நீட்டினாள்.

"சூடு ஆறதுக்குள்ள கொண்டுபோய்க் குடு."